ஒரு மட்டை, நாற்பது பிள்ளைகள்: ஏரியாவில் சிறுவர் கிரிக்கெட்டைத் தொடங்கி நிலைக்க வைக்க ஒரு வழிகாட்டி

முதல் வருடம் நாங்கள் செய்த தப்பு, தொடக்க விழா வைத்தது. பேனர், ஒலிபெருக்கி, நன்கொடையாளர் கையால் கிட் பை, வரிசையில் நின்ற ஐம்பது பிள்ளைகளுக்கு வெள்ளை டி-ஷர்ட். மூன்றாம் மாதம் வந்தவர்கள் பத்துப் பதினோரு பேர். கிட் பைக்குள் இருந்த கால் பேடுகளை எலி கடித்திருந்தது. பிள்ளைகளுக்கு ஆசை விட்டுப்போகவில்லை. அதே பையன்கள் பக்கத்துத் தெருவில் ரப்பர் பந்தில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் பயிற்சிதான் ஒரு வாரம் நாலரை மணிக்கு, அடுத்த வாரம் ஆறு மணிக்கு, அதற்கடுத்த வாரம் கிடையாது என்று நடந்தது.

வடசென்னையின் வாரியக் குடியிருப்பு ஒன்றில் வாரம் மூன்று நாள் பயிற்சி நடத்திக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிராமத்துக்கும் கடற்கரைக் குப்பத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் "அடுத்த நடராஜனைக் கண்டுபிடிக்கப் போகிறோம்" என்றுதான் தொடங்குகிறார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளி குடும்பத்தில் பிறந்து, இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு இறங்கியவர் தங்கராசு நடராஜன். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் திட்டம் போடும்போது அதை ஒதுக்கி வையுங்கள். நாற்பது பேரில் ஒருவனைத் தேடினால் முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகிவிடுவார்கள். மூன்றாவது வருடமும் அந்த நாற்பது பேரும் வருகிறார்களா என்பதே என் அளவுகோல்.

முதல் மாதம்: எதுவும் வாங்காதீர்கள்

ஒரு மாதம் சும்மா போய் உட்காருங்கள். மைதானம் என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மதியம் துணி உலர்த்துபவர்கள், மாலையில் அண்ணன்மார்களின் டென்னிஸ் பால் டீம், ஞாயிறு முழுக்க பரிசுத் தொகை டோர்னமென்ட். எந்தக் கிழமை, எந்த மணி, யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த அண்ணன் டீமிடம் முதலில் பேசுங்கள். கவுன்சிலரிடம் அனுமதி வாங்கிவிட்டு இவர்களைத் தாண்டிப் போனால் ஸ்டம்ப் நட்ட அன்றே சண்டை வரும். அவர்களிடம் போய், "அண்ணா, செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பசங்களுக்கு விட்டுக்கொடுங்க, உங்க டீமிலிருந்து ரெண்டு பேர் வந்து சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். எங்களுக்கு இன்று கைகொடுக்கும் இருவர் அப்படி வந்தவர்கள்தான். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய யார்க்கரை (காலடியில் வந்து விழும் பந்து) இப்போதும் எங்கள் பையன்களால் தொட முடியாது.

அந்த மாதத்தில் பிள்ளைகளின் நாளையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, டியூஷன் எப்போது, தண்ணீர் லாரி எப்போது வருகிறது. கடைசியாகச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை: குடம் தூக்க வேண்டிய பிள்ளை லாரி வரும் நேரத்தில் பயிற்சிக்கு வராது, அதிலும் பெண் பிள்ளை வரவே வராது. இதையெல்லாம் பார்த்த பிறகு நேரத்தை முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பின் மாற்றாதீர்கள். மழை பெய்தாலும், நான்கு பேர் வந்தாலும், இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் ஓடினாலும் அதே நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

இடம்

வாய்மொழி அனுமதி போதாது. மாநகராட்சி மைதானமோ, அரசுப் பள்ளியோ, ஊராட்சி நிலமோ, எதுவானாலும் நாள், நேரம், பொறுப்பாளர் பெயர் போட்ட கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி மாறும்போது அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும். பள்ளி மைதானம் கிடைத்தால் அதுவே நல்லது, கழிப்பறை இருக்கும். கழிப்பறை இல்லாத மைதானத்தில் பெண் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆறு மாதம் தாண்டாது.

கிராமத்தில் கோடையில் வற்றிய ஏரிதான் மைதானம். அதில் தவறில்லை. ஆனால் ஐப்பசிக்கு மாற்று இடம் இப்போதே பார்த்து வையுங்கள்.

பிட்ச் நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். இது பெரியவர்களுக்கு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை அத்தனை தூரத்திலிருந்து வீசச் சொன்னால் பந்தை வானத்துக்கு எறியும், இல்லாவிட்டால் கையைச் சுழற்றி வீசாமல் மடக்கி எறியும், மாங்கா அடிப்பது என்போமே, அது. பதினொரு வயதுக்குள் இருப்பவர்களுக்கு 16 முதல் 18 கஜம் போதும். ஒரு கயிற்றில் இந்த அளவுகளுக்கு முடிச்சுப் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரை மேடு பள்ளமாக இருந்தால் டென்னிஸ் பந்துக்குப் பரவாயில்லை. தோல் பந்துக்கு ஆகவே ஆகாது. அடியில் மண்ணை இறுக்கிச் சமன் செய்து தேங்காய் நார் மேட் விரித்து ஆணி அடிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். மேட்டைச் சுருட்டி வைக்க எலி புகாத இடம் வேண்டும். (இதை நாங்கள் இரண்டாவது முறையாகக் கற்றோம்.)

கடற்கரைக் குப்பத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, பழைய மீன் வலை. வலைப்பயிற்சிக்கு அதையே கட்டலாம். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7.2 சென்டிமீட்டர். கண்ணி அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் இற்றுப்போயிருக்கும், கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பெரியவர்கள்

பயிற்சியாளர் சான்றிதழ் வைத்திருப்பவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஆனால் சில விதிகளில் தளர்வு கூடாது. மைதானத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. அடி கிடையாது, காது திருகல் கிடையாது, சாதியையோ நிறத்தையோ அப்பன் தொழிலையோ வைத்துக் கிண்டல் கிடையாது. புகைப்படம் போடுவதற்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 கிட் பையின் மூடியில் எழுதியிருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. அந்தச் சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் தராமல் இருப்பதும் குற்றம் என்பதை உங்கள் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் வந்தால் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம். ஆட்டம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. எங்களிடம் ஸ்கோர் எழுதுவது ஓர் அம்மா. பைஸ், லெக்-பைஸ் வித்தியாசம் இப்போது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்

மட்டை கடைசியில் வரட்டும். முதலில் பந்து, அதுவும் நிறைய. நாற்பது பிள்ளைகளுக்கு இருபது டென்னிஸ் பந்தாவது வேண்டும். ஒரு பந்தும் நாற்பது பிள்ளைகளும் இருந்தால் அது பயிற்சி ஆகாது, வரிசை. அடுத்து பிளாஸ்டிக் ஸ்டம்ப் நான்கு செட், இருபது கூம்பு (தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பினாலும் சரி), முதலுதவிப் பெட்டி, ஐஸ் வைக்க ஒரு ஃபிளாஸ்க்.

மட்டையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். யாரோ பெரியவர் தானமாகக் கொடுத்த முழு அளவு மட்டையை பத்து வயதுப் பையன் தூக்கினால் கனம் தாங்காமல் கீழ்க்கையால் குறுக்கே சுழற்றுவான். அதுவே பழக்கமாகிவிடும், பிறகு நேர் மட்டை வராது. 4, 5, 6 என்று அளவு போட்ட சிறுவர் மட்டைகளை வாங்குங்கள். மட்டையை நிறுத்தினால் கைப்பிடியின் உச்சி தொடையின் மேற்பகுதி வரை வர வேண்டும். காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த மட்டை தாராளமாகப் போதும். எட்டு வயதுக்குக் கீழே தென்னை மட்டையைச் செதுக்கிக் கொடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கனம் கிடையாது, கைக்கு அடங்கும், உடைந்தால் அடுத்த மரம்.

கிராமத்தில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் 2024-ல் தொடங்கியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் உபகரணம் தருவதாக அறிவிக்கப்பட்ட திட்டம் அது, கிரிக்கெட் சாமான்களும் அதில் உண்டு. உங்கள் ஊராட்சிக்கு வந்த பை எங்கே இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டால் வெளியே வரும் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது

கால்பந்துக்குப் பேர்போன வடசென்னை வியாசர்பாடியில் ஒரு பந்தை உருட்டிவிட்டால் இருபத்திரண்டு பேரும் ஓடுவார்கள். கிரிக்கெட்டில் அப்படிக் கிடையாது, இது பெரும்பாலோரை நிற்க வைக்கிற ஆட்டம். ஒரு நாள் பயிற்சியில் கூச்சப்படும் பிள்ளை ஒன்றை மட்டும் பார்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பந்தைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணிய அன்று ஆறு. ஃபைன் லெக்கில் நின்று எருமையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் அடுத்த வாரம் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் நாற்பது பேரை நான்கு குழுவாகப் பிரியுங்கள். பத்து நிமிடம் ஓடிப்பிடித்து ஆடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும். இருபத்தைந்து நிமிடம் இருவர் இருவராக எறிவது, பிடிப்பது, தரைப் பந்தை எடுப்பது. முப்பது நிமிடம் நான்கு நிலையங்கள், சுழற்சியில்: ஒன்றில் ஸ்டம்பைக் குறி வைத்துப் பந்துவீச்சு, ஒன்றில் மென்மையாகப் போட்டுத் தரும் பந்தை நேராக அடிப்பது, ஒன்றில் நேரடி எறி, ஒன்றில் ரன் ஓட்டம். மீதி இருபத்தைந்து நிமிடம் ஆட்டம். ஆட்டத்தை வெட்டாதீர்கள். பிள்ளைகள் வருவதே அதற்காகத்தான்.

சனிக்கிழமை மேட்சுக்கு ஜோடி ஆட்டம் நல்ல முறை. அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் சரியாக நான்கு ஓவர் ஆடும். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், அணியின் கணக்கிலிருந்து ஐந்து ரன் கழியும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்க 200-ல் தொடங்குங்கள். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் வீச வேண்டும், விக்கெட் கீப்பர் உட்பட. பதினாறு ஓவருக்குக் கணக்கு சரியாக வரும். காஜி (மட்டை பிடிக்கும் முறை) கிடைக்காமல் அழுகிற பிள்ளை இதில் கிடையாது. எங்கள் ஏரியாவின் சூரப்புலிகள் முதலில் இதைக் கேவலமாகப் பார்த்தார்கள். ஐந்து ரன் கழிவதில் இரண்டு மேட்ச் தோற்ற பின் தடுத்து ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் ஏதாவது கொடுங்கள். சுண்டல், வேகவைத்த முட்டை, வாழைப்பழம், எது முடிகிறதோ அது. மதிய உணவு பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை மாலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஓடுகிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்குச் செலவழிப்பதைச் சுண்டலுக்குச் செலவழிக்கலாம். தண்ணீர் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, கேட்டால் தருவோம் என்று இருக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை மைதானத்தைத் தொடாதீர்கள்.

டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு

நம் ஊர் கிரிக்கெட்டில் ஏழைக்கும் வசதிக்காரனுக்கும் நடுவில் கோடு விழும் இடம் இதுதான். டென்னிஸ் பந்தில் பிரமாதமாக ஆடும் பையன்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஸ்டிச் பாலை, அதாவது தோல் பந்தைத் தொட்டவன் தெருவுக்கு ஒருவன்கூட இல்லை. கால் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், தொடை பேடு, சென்டர் கார்டு (இடுப்புக்குக் கீழே உள்ளே போடும் கவசம்), மேட், வலை என்று செலவு நீள்வதால் அகாடமிகளில் கட்டணம் ஏறுகிறது. பதினாறு வயதில் தேர்வுக்குப் போகும் நம் பையன் முதல் முறையாகத் தோல் பந்தைப் பார்த்துப் பின்வாங்குகிறான். 'திறமை இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சாதாரண டென்னிஸ் பந்து 58 கிராம் அளவில் இருக்கும். ஆண்கள் ஆடும் தோல் பந்து 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டென்னிஸ் பந்து எழும்பி வரும், அதனால் பையன் பின்னால் சாய்ந்து அடியிலிருந்து தூக்கி அடிக்கக் கற்றிருப்பான். தோல் பந்து தாழ்வாக வந்து தையலில் பட்டு நகரும். அங்கே அதே அடி ஸ்லிப்பில் கேட்ச் ஆகும். பந்துவீச்சாளனுக்குத் தையலை நேராகப் பிடிப்பது என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

ஆனால் டென்னிஸ் பந்தில் கற்றது எல்லாம் வீண் என்று சொல்லும் பயிற்சியாளர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எட்டு ஓவர், பத்து ஓவர் மேட்சில் எல்லாப் பந்தையும் தூக்கி அடிப்பவனை நிறுத்த ஒரே வழி யார்க்கர். நடராஜனின் யார்க்கர் அங்கே பழகியது. சென்னைத் தெருவில் 'சொடுக்கு பால்' என்று சொல்வதைத்தான் உலகம் கேரம் பால் என்கிறது, அஷ்வின் அதை டெஸ்ட் வரை கொண்டுபோனார். கட்டடக்கலை படித்து வேலைக்குப் போய், டென்னிஸ் பந்தில் விரல் வித்தைகளைப் பழகி, இந்திய அணிக்கு வந்தவர் வருண் சக்கரவர்த்தி. பையனிடம் இருப்பதைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் இன்னொன்றைச் சேருங்கள்.

பன்னிரண்டு வயது சுமாருக்கு நாங்கள் மாற்றத்தைத் தொடங்குகிறோம். ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் மட்டையே கிடையாது. தோல் பந்தைக் கையில் கொடுத்து, கீழ்க்கையால் மெதுவாக எறிந்து பிடிக்க விடுவோம். கையை விறைப்பாக நீட்டினால் விரல் போகும், பந்தோடு கை பின்வாங்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். மூன்றாம் வாரம் பந்துவீச்சு, எதிரே யாரும் இல்லாமல் வெறும் ஸ்டம்புக்கு. தையல் நேராகச் சுழல்கிறதா என்பதைப் பார்க்க ஒரு சின்ன வித்தை: டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மின்சார டேப் ஒட்டிக் கொடுங்கள். பந்து காற்றில் வளைவதைக் கண்ணால் பார்த்த பையன் அன்று தூங்க மாட்டான். பாகிஸ்தானின் தெருக்களில் ஒரு தலைமுறை இப்படித்தான் ஸ்விங் பழகியது. நான்காம் வாரம் முழுக் கவசத்தோடு நின்று, மெதுவாக எறிந்து தரும் பந்தை ஆடுவது. ஐந்தாம் வாரம் வலை. ஆறாம் வாரம் பத்து ஓவர் ஆட்டம், நமக்குள்ளேயே.

பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் எடையில் சிறிய தோல் பந்து தனியாக உண்டு. கடையில் கேட்டு வாங்குங்கள், பெரிய பந்தை நீட்டுவார்கள்.

கவசம் மூன்று செட் இருந்தால் தொடங்கலாம்: இரண்டு பேட்ஸ்மேனுக்கு, ஒன்று கீப்பருக்கு அல்லது அடுத்து இறங்குபவனுக்கு. ஹெல்மெட் இல்லாமல் தோல் பந்தின் முன் யாரும் நிற்கக் கூடாது, 'மெதுவாகத்தான் போடுறான்' என்ற பேச்சே வேண்டாம். ஹெல்மெட்டின் கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவில் பந்து நுழையக் கூடாது. பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சென்டர் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி வர வேண்டும். சாமான்களிலேயே விலை குறைந்தது அது. அதைப் பொதுவில் வைத்துச் சிக்கனம் பிடித்தால் படை, சொறி பரவும், வெட்கப்பட்டுப் போடாமலே இறங்குவார்கள்.

முழங்கையும் முதுகும்

பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச விதி. கண்ணால் 15 பாகை அளக்க முடியாது. ஆனால் மாங்கா அடிக்கிறானா இல்லையா என்பது கைபேசியில் பக்கவாட்டில் மெதுவோட்டப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். பத்து வயதில் திருத்தினால் ஒரு மாத வேலை. நடராஜன் 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் இறங்கியவுடன் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாகி, அதை மாற்றி அமைத்துத் திரும்பி வர நெடுநாள் பிடித்தது. அந்த வயதில் தாங்கியது அவர் பிடிவாதம்.

முதுகு இன்னும் முக்கியம். வளரும் பையனின் கீழ் முதுகு எலும்பில் விழும் நுண்முறிவு வேகப்பந்து வீச்சாளர்களின் பெரிய சாபம். அதிகமாக வீசுவதுதான் காரணம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த கணக்கை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்: 13 வயது வரை ஒரு தவணைக்கு (ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து வீசுவது) 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதுக்குத் தவணைக்கு 6, நாளுக்கு 12. வலையில் வீசுவதும் இதில் சேரும்.

இந்தக் கணக்கை உடைப்பது ஞாயிறு டோர்னமென்ட்தான். வேகமாக வீசும் பதினைந்து வயதுப் பையனை மூன்று டீம்கள் 'கெஸ்ட்' ஆகக் கூப்பிடும். காசும் பிரியாணியும் கிடைக்கும். போகாதே என்றால் கேட்க மாட்டான், கேட்கவும் வேண்டாம், வீட்டுக்கு அந்தக் காசு தேவைப்படலாம். 'போ, ஆனால் ஒரே டீம், திங்கட்கிழமை எத்தனை ஓவர் போட்டாய் என்று நோட்டில் எழுது' என்று பேசி முடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். நடுமுதுகுக்குக் கீழே வலி என்று சொன்னால் பந்தை வாங்கி வைத்துவிட்டு அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைலம் தேய்த்து மறுவாரம் வீச வைக்காதீர்கள்.

வீடு, பள்ளி, பெண் பிள்ளைகள்

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலை வைத்தால் யாரும் வர மாட்டார்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "சார், இதுல என்ன வரும்?" வேலை கிடைக்கும், ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். கோட்டாவுக்கு எந்த அளவிலான போட்டிச் சான்றிதழ் வேண்டும் என்பதை விசாரித்துக்கொண்டு, கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறரை வரைக்கும் உங்க பிள்ளை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்" என்பது எங்கள் ஏரியாவில் கோட்டாவைவிடப் பெரிய வாக்குறுதியாக இருந்தது.

பத்தாம் வகுப்பில்தான் பெரும்பாலோரை இழப்போம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவர்களை வாரம் ஒரு நாள் மட்டும் வரச் சொல்லுங்கள். முழுக்க நிறுத்தினால் திரும்பி வருவது கஷ்டம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமா, கலந்த நேரமா என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. பன்னிரண்டு வயது வரை கலந்து, அதற்கு மேல் வாரம் ஒரு நாளாவது தனியாக என்று முடிவுக்கு வந்தோம். மதுரையைச் சேர்ந்த கமலினி 2025-ல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார். 2024 டிசம்பரில் மகளிர் பிரீமியர் லீக்கின் மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு அவரை ஏலம் எடுத்திருந்தது. இந்தச் செய்தியை அச்செடுத்துப் போய்க் காட்டியதில் இரண்டு அப்பாக்கள் சம்மதித்தார்கள். மூன்றாமவர், "அரைக்கால் சட்டை போடாதுன்னா வரட்டும்" என்றார். டிராக் பேண்ட் வாங்கிக் கொடுத்தோம். அதற்கெல்லாம் கொள்கை பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பணம்

முதல் வருடம் பெரிய நிறுவனங்களின் பின்னால் அலையாதீர்கள். சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளின் பயிற்சிக்கும் செல்லும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருப்பது இங்கே நமக்குச் சாதகம். ஆனால் அந்தப் பணத்தை வாங்க வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி என்ற வரிவிலக்குப் பதிவுகளும் கம்பெனிகள் பதிவாளரிடம் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், குறைந்தது மூன்று வருடச் செயல்பாட்டையும் காட்ட வேண்டும். ஆக, முதல் மூன்று வருடம் ஊர்க்காசுதான். பந்து வாங்கித் தர மெடிக்கல் ஷாப், முட்டைக்கு மளிகைக் கடை, மேட்டுக்குப் பழைய மாணவர்கள் என்று ஆளுக்கொரு பொருளாகக் கேளுங்கள். "நிதி தாருங்கள்" என்பதைவிட "மாதம் ஒரு டஜன் பந்து" என்பது சுலபமாகக் கிடைக்கும்.

வரவு செலவை மாதம் ஒரு முறை பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கலாமா? மாதம் பத்து ரூபாய் வாங்கிப் பார்த்தோம். இல்லாத பிள்ளை கேட்க வெட்கப்பட்டு நின்றுவிட்டது. விட்டுவிட்டோம்.

மேலே போகும் வழி

ஒருவன் நிஜமாகவே நன்றாக ஆடினால் அவனை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னை என்றால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் பல டிவிஷன்களாக நடக்கிறது, மற்ற ஊர்களில் மாவட்டச் சங்கங்கள் லீக் நடத்துகின்றன. நடராஜனும் சென்னையில் நான்காம் டிவிஷனில்தான் தொடங்கினார். கீழ் டிவிஷன் அணிகளுக்கு நல்ல பந்துவீச்சாளர்கள் எப்போதும் தேவை. செயலாளர்களை நேரில் போய்ப் பார்த்து, வலையில் ஆறு பந்து வீச வாய்ப்புக் கேளுங்கள். அங்கிருந்து மாநில அணி, பிறகு 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19-க்குட்பட்டோருக்கு கூச் பெஹார் கோப்பை என்று படிகள் இருக்கின்றன.

இந்தப் படியில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது காகிதத்தில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் வேறு தேதி, ஆதாரில் மூன்றாவது தேதி. சேர்ந்த முதல் மாதமே மூன்றையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும், மாதங்கள் ஆகும். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16-க்குட்பட்ட ஆண்களுக்கும் 15-க்குட்பட்ட பெண்களுக்கும் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. மாட்டினால் தடை பிள்ளைக்கு, யோசனை சொன்னவருக்கு இல்லை.

மழைக்காலம்

அக்டோபர் கடைசியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். டிசம்பர் வரை இப்படித்தான். வருடம் முழுக்கக் கட்டிய வருகைப் பதிவு சரியும் காலம் இது, அதனால் இதற்கென்று தனித் திட்டம் வையுங்கள். பள்ளி வராந்தாவிலோ சமுதாயக் கூடத்திலோ அதே கிழமை, அதே ஐந்து மணி. காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் நேர் மட்டைப் பயிற்சி. கேட்சுக்குச் சுவர் போதும். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுங்கள், அம்பயர் சைகைகளைப் பழக்குங்கள். மட்டைக் கைப்பிடிக்குப் புது ரப்பர் மாட்டுவது, பேடு வார்களைத் தைப்பது எல்லாம் பிள்ளைகள் கையாலேயே நடக்கட்டும். இடி கேட்டால் வெளியில் யாரும் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்துத்தான் மைதானம்.

தை பிறந்ததும் தண்ணீர் வடிந்த இடத்தில் கோரை முளைத்திருக்கும். பொங்கல் முடிந்த முதல் செவ்வாய் மண்வெட்டியோடு போவோம். அண்ணன் டீமும் வரும். அவர்களுக்கும் பிட்ச் வேண்டுமே.